வளைவு வீட்டில் ஒரு சாம்பல் கோட்டு

அலமாரியைத் திறந்தால் அக்காவின் வாசனை வருவது நின்றுபோயிருந்தது.

சின்னவளுக்கு அதுதான் இப்போது பயமாக இருந்தது. ஆரம்பத்தில் கதவைத் திறந்தால் அக்கா உள்ளேயே நிற்கிற மாதிரி இருக்கும். பவுடரும் கொஞ்சம் வேர்வையும் கலந்த வாசனை முகத்தில் வந்து மோதும். இப்போது வெறும் துணி வாசனைதான். அக்கா இங்கிருந்து எழுந்து வேறு எங்கேயோ போய்விட்டது போல.

ஹேங்கர்களை அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அக்கா உடைகளை அடுக்கியிருந்தது நிறம் பார்த்து இல்லை, ஆள் பார்த்து. இந்தப் பக்கம் பேங்க்காரர்களுக்கு, அந்தப் பக்கம் புதுசாகக் கல்யாணமான ஜோடிகளுக்கு. வெளுத்த பருத்திச் சட்டைகள் எல்லாம் காலி மனை பார்க்கப் போவதற்கு. சொத்துப் பிரிக்கிற வீடுகளுக்கென்று இளம்பச்சையில் ஒன்று தனியாகத் தொங்கியது.

"அங்கே கறுப்புல போனா எழவுக்கு வந்தவ மாதிரி இருக்கும். வெள்ளையில போனா தீர்ப்பு சொல்ல வந்தவ மாதிரி இருக்கும். பச்சைன்னா யாருக்கும் நம்ம மேல கோவம் வராது, பாரேன்" என்று அக்கா ஒரு தடவை சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்றைக்குச் சின்னவளும் சேர்ந்து சிரித்தாள். அவள் அப்போது ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்தாள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் இடுப்புக்குக் கீழே என்ன உடுத்தியிருக்கிறாள் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் அவள் இந்த வீட்டுக்கு வந்தாள். அக்காவும் அத்தானும் வீடு, மனை விற்றுக்கொடுக்கிற புரோக்கர்கள். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். அத்தான் உள்ளே உட்கார்ந்து போனும் பத்திரமும் பார்ப்பார். வெளியே போய் ஆட்களோடு பேசுவது அக்காதான். அக்கா போன பிறகு வெளியே போக ஆள் இல்லை. அக்காவின் மகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை.

போன வாரம் அந்தப் போன் வந்ததிலிருந்து வீட்டில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வளைவு வீட்டைப் பார்க்க ஆள் வருகிறது.

ரோடு திரும்புகிற இடத்தில் நிற்பதால் அதற்கு வளைவு வீடு என்று பேர். மாடி அறையில் இரண்டு பெரிய ஜன்னல்கள். வாங்க வருகிறவர்களுக்காக அந்த அறையில் காத்துக்கொண்டிருந்தபோதுதான் அக்காவுக்குத் தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்தது. வந்தவர்கள் மணி அடித்துப் பார்த்தார்கள். கதவு திறக்கவில்லை. வரச்சொல்லிவிட்டு ஏமாற்றிவிட்டாள் என்று திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள். பொழுது சாயும்வரை அக்கா அங்கேயே கிடந்தாள். தேடிக்கொண்டு போனது அத்தான்தான்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் காலெடுத்தே வைக்கவில்லை என்பார் அத்தான். வைக்கவும் மாட்டேன் என்று சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் எங்கேயோ தூர தேசத்தில் இருந்தார். வீடு பூட்டியே கிடந்தது.

இன்றைக்கு மூன்று மணிக்கு அதைத் திறக்க வேண்டும்.

அலமாரியை இரண்டாவது தடவை திறக்க அவளுக்கு மனசு இல்லை. அதனால் காலை வேலைக்கும் மூன்று மணிக்கும் சேர்த்து இப்போதே உடுத்திக்கொண்டாள். மொடமொடவென்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், குதிகால் உயர்ந்த ஷூ.

படியிறங்கி வந்தவளை அத்தான் நிமிர்ந்து பார்த்தார். நான்கு நாள் தாடி. சட்டையை வெளியே விட்டிருந்தார். அக்கா இருந்தால் அவரை இந்தக் கோலத்தில் வாசல்வரைக்கும் விடமாட்டாள்.

"காலையில லாரி முதலாளிதானே?"

"ஆமா அத்தான். லாரி நிறுத்த மனை வேணும்னு சொன்னாரே."

"இந்த ஷூவோடயா?"

"மூணு மணிக்கும் இதுவேதான். நேரா அங்கே போயிடுவேன்."

அத்தான் சாவிப் பலகையில் வளைவு வீட்டுச் சாவி தொங்கிய ஆணியைப் பார்க்காமலே கை நீட்டி எடுத்து மேஜையில் வைத்தார்.

"வர்றவர் கப்பல்ல கேப்டனா இருந்தவர். அவர் வீட்டம்மா கணக்கு டீச்சர். அந்த ஆளு கண்ணுக்கு உடுப்புல ஒரு சுருக்கம் பட்டாப் போதும், வீட்டையே பார்க்க மாட்டார். பார்த்துக்கோ."

"சரி அத்தான்."

"அப்புறம்... அங்கே நடந்ததை நீயா சொல்ல வேண்டாம். கேட்டா பொய் சொல்லாதே. கேட்கலைன்னா வாயைத் திறக்காதே."

"அது சரியா அத்தான்?"

"எல்லா வீட்டுலயும் யாராவது செத்துத்தான் இருப்பாங்க" என்றார் அத்தான். சொல்லிவிட்டுப் பத்திரக் கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சமையலறை வாசலில் வாண்டு நின்றுகொண்டிருந்தாள். அக்காவின் ஒரே மகள். சின்ன வயதில் வீட்டையே தலைகீழாக்கியதால் வாண்டு என்று வந்த பேர். இப்போது அவள் இருக்கிற இடமே தெரிவதில்லை. பையைத் தோளில் மாட்டியபடி மேஜையில் இருந்த சாவியையே பார்த்தாள்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல சித்தி" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

லாரி ஷெட்டுக்குள் சின்னவள் நுழைந்ததும் அங்கே இருந்த சத்தம் அத்தனையும் அடங்கியது. லாரிக்கு அடியில் கிடந்த இரண்டு பேர் உருண்டு மறுபக்கமாக வெளியேறி எங்கேயோ மறைந்தார்கள். முதலாளி கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார்.

"மேடம், எங்க வரியெல்லாம் போன மாசமே கட்டியாச்சு. ரசீது காட்டவா?"

"நான் வரி ஆபீஸ் இல்லைங்க. மனை விஷயமா வந்திருக்கேன்."

முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அட, அவங்க தங்கச்சியா நீங்க? கொஞ்ச நேரத்துல உயிர் போயிடுச்சும்மா! டேய், வாங்கடா, நம்ம ஆளுதான்!"

ஓடினவர்கள் அசடு வழியத் திரும்பி வந்தார்கள்.

"உங்க அக்கா இங்கே வந்தா எங்க ஆளுங்களுக்கு வித்தியாசமே தெரியாது" என்றார் முதலாளி. "ஒரு பழைய சட்டை, செருப்பு. லாரிக்கு அடியில இருந்து ஸ்பேனர் கேட்டாக்கூட எடுத்துக் குடுக்கும். அது சொன்ன விலையை நான் ஒருநாளும் ரெண்டாவது தடவை கேட்டதில்லை."

சின்னவள் அவர் முகத்தைப் பார்க்காமல் மனையின் வரைபடத்தை விரித்தாள். விரிக்க அங்கே ஒரு டீசல் பீப்பாய்தான் இருந்தது. குனிந்து எல்லையைக் காட்டும்போது வெள்ளைச் சட்டையின் கை முழங்கைவரை பீப்பாயில் படிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் கறுப்பாகப் பிசுபிசுவென்று கிரீஸ்.

"ஐயையோ, அது போகாதே" என்றார் முதலாளி உண்மையான வருத்தத்தோடு. "நீங்க திங்கக்கிழமை சாதாரணமா வாங்கம்மா. அப்போ பேசுவோம்."

ஆக, எந்த அலமாரியைத் திறக்கக்கூடாது என்று நினைத்தாளோ அதன் முன்னால் மத்தியானத்தில் மறுபடியும் போய் நின்றாள்.

கறுப்புக் கோட்டு சலவைக்குப் போயிருந்தது. நீலம் அவளுக்குத் தோளில் தொங்கியது. கேப்டன் முன்னால் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி அலமாரியில் இருந்தது ஒன்றுதான். அது கடைசியில், சுவரோடு ஒட்டித் தொங்கியது.

சாம்பல் நிறக் கோட்டு. அன்றைக்கு அக்கா போட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அத்தான் அதைச் சலவைக்குக் கொடுத்து வாங்கி மாட்டினார். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. சலவைக் கடையின் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. உறையின் அடியில் குத்திய ஸ்டேப்ளர் பின்னும், அதோடு சேர்த்துக் குத்திய சீட்டும்கூட அப்படியே இருந்தன. உறையின் மேல் தூசி படிந்திருந்தது.

பின்னைப் பிடுங்கி உறையை உரித்தாள்.

கோட்டு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. எப்படி என்றுதான் புரியவில்லை. அக்கா அவளைவிடத் தடித்தவள். கண்ணாடியில் பார்க்காமல் பட்டன் போட்டுக்கொண்டாள்.

படியில் பாதி இறங்கியபோது அத்தான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு ஓரக்கண்ணால் சாம்பல் நிறத்தைப் பார்த்தார் போலிருக்கிறது. எழுதுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"தலைவலி இருக்கா இன்னும்? மாத்திரை போட்டியா?"

சின்னவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தலைவலி கிடையாது. வந்ததே இல்லை.

"அத்தான்..."

பேனா நின்றது. அவர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் பயமும் இல்லை, திடுக்கிடலும் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவருக்கு வருகிற ஏமாற்றம் மட்டும்தான் இருந்தது.

"நீயா" என்றார். "போ. நேரமாச்சு."

சின்னவள் வளைவு வீட்டு வாசலில் பூட்டைத் திறக்கப்போகும்போது தெருவுக்கு அந்தப் பக்கத்தில் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது.

எதிர்வீட்டு ஜன்னலில் தையல் மெஷின். அதன் பின்னால் எழுந்து நின்றிருந்தாள் தையல்காரம்மா. கத்தரிக்கோல் தரையில் கிடந்தது. அந்தம்மா சின்னவளையே வெறித்துப் பார்த்தாள். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைக் கடந்து வந்து, கிட்டத்தில் நின்று முகத்தை உற்றுப் பார்த்தாள். மெல்ல மெல்ல அவள் மூச்சு இறங்கியது.

"அம்மாடி! நீங்கதானா அது!"

"எது?"

"இத்தனை நாளா நான் ராத்திரியில தூங்கலை தெரியுமா? யார்கிட்டயும் சொல்லவும் முடியலை. சொன்னா பைத்தியம்னுவாங்க." அவள் சின்னவளின் கோட்டுக் காலரைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தக் காலர் நான் மாத்திக் குடுத்தது. எத்தனை தூரத்துல பார்த்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும். போட்டிருந்தவங்க போயிட்டாங்க, கோட்டு மட்டும் மாடியில நின்னா எப்படி இருக்கும் எனக்கு?"

"மாடியிலயா?"

"ஆமா. வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள். வெளிச்சம் போற நேரத்துல. நீங்க திரையை ஒண்ணொண்ணா விலக்குவீங்க இல்ல? யாரோ வீடு பார்க்க வர்ற மாதிரி விலக்கிட்டு, ஜன்னல்கிட்ட நின்னு ரோட்டையே பார்த்துட்டு இருப்பீங்க. உங்க முகம் அந்த இருட்டுல எனக்குத் தெரியலை. நல்லவேளை, இன்னைக்குப் பார்த்தேன்."

அந்தம்மா நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அத்தனை நிம்மதி.

சின்னவள் அந்தத் தெருவுக்கே இன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருந்தாள். ஆனாலும் தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மனுஷி இன்றைக்காவது தூங்கட்டும் என்று தோன்றியது.

"ஆமாங்க" என்றாள். "நான்தான்."

சொல்லிவிட்டு, பூட்டைத் திறக்கும் முன் மாடி ஜன்னலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள்.

கேப்டனும் டீச்சரும் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். கேப்டன் அவளைப் பார்த்தார். ஷூவிலிருந்து காலர் வரை ஒரே பார்வை. தலையை லேசாக அசைத்துவிட்டு வீட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டார். வீட்டைக் காட்டப் போகிறவளின் உடை வருகிறவர் கண்ணில் பட்டு உடனே நழுவிவிட வேண்டும் என்று அக்கா சொல்வாள். நழுவிவிட்டது.

அவர் குழாய்களைத் திறந்து பார்த்தார். சுவரைத் தட்டினார். தரையில் ஒரு கோலிக்குண்டை விட்டு உருள்கிறதா என்று பார்த்தார். டீச்சர் ஒன்றும் பேசாமல் முன்னால் நடந்தாள். மெலிந்த உருவம், நரைத்த தலைமுடி. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தடவிக்கொண்டே ஏறினாள்.

சின்னவள் கடைசியாக ஏறினாள்.

மாடி அறையில் திரைகள் மூடியிருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் எந்தத் திரையிலும் தூசி இல்லை. இத்தனை மாதம் பூட்டிக்கிடந்த வீட்டில் பக்கத்து அறைகளிலெல்லாம் கால் வைத்தால் தடம் விழுந்தது. இங்கே தரைகூடத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

டீச்சர் திரையை விலக்கினாள். மத்தியான வெளிச்சம் கொட்டியது.

"என்னங்க, இங்கே பாருங்க" என்றாள் கணவரைப் பார்த்து. முகம் மலர்ந்துவிட்டது. "இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவுல என் மேஜையைப் போட்டுக்கறேன். இங்கேதான். இந்த இடத்துல."

அவள் நின்ற இடம் எது என்று சின்னவளுக்குத் தெரியும். அத்தான் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். ரெண்டு ஜன்னலுக்கும் நடுவே, ரோட்டைப் பார்த்த மாதிரி.

கேட்கலைன்னா வாயைத் திறக்காதே.

டீச்சர் அந்த இடத்தில் நின்றுகொண்டு கைகளை விரித்து மேஜையின் அகலத்தைக் காட்டினாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து இங்கே உட்காரப் போகிறாள். பரீட்சைத்தாள் திருத்துவாள், டீ குடிப்பாள். ஒருநாள் எதிர்வீட்டு அம்மா வந்து பேச்சுவாக்கில் சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் அவளால் உட்கார முடியுமா?

"டீச்சர், கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா?"

"ஏம்மா?"

"நீங்க நிக்கற இடத்துலதான் எங்க அக்கா இறந்துபோனாங்க."

கேப்டன் சட்டென்று திரும்பினார். டீச்சர் மட்டும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தன் கால்களைப் பார்த்தாள். பிறகு சின்னவளை.

"எப்படி?"

"தலையில ரத்தக் குழாய். வீடு பார்க்க வர்றவங்களுக்காகக் காத்துட்டு இருந்தாங்க."

"வந்தவங்க?"

"மணி அடிச்சுட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்களை ஏன் இங்கே கூட்டிட்டு வந்தீங்க?" என்றார் கேப்டன். குரல் உயரவில்லை. உயர்த்தாமலே கப்பலை நடத்தியவர் குரல் அது. "இதை முதல்ல சொல்லியிருக்கணும். உங்க ஆபீசுக்கே போன் பண்ணிப் பேசிக்கறேன். வா, போகலாம்."

டீச்சர் உடனே கிளம்பவில்லை. விலக்கிய திரையைத் தானே இழுத்து மூடினாள். ஒரு வீட்டில் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறவள் போல, சின்னவளின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

"சொன்னதுக்கு நீ நல்லா இருக்கணும்மா" என்றாள் மெதுவாக. "எனக்கு இன்னும் இந்த வீடு பிடிச்சுத்தான் இருக்கு. அவரை நான் பார்த்துக்கறேன்."

கீழே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. ஆபீசுக்குச் சின்னவளே முந்திக்கொண்டு போன் பண்ணினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அத்தான் எடுக்கவில்லை.

உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் கால் வரவில்லை. கீழே வந்து, வாசல் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, சமையலறைக் குழாயில் முகத்தைக் கழுவினாள். தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அவள் அழுதாளா, எவ்வளவு நேரம் அழுதாள் என்று அவளுக்கே தெரியாது. சமையலறை ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் கொல்லைக் கதவு திறந்தது.

"அம்மா."

அலறல் இல்லை அது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்கும்போது கூப்பிடுகிற 'அம்மா'. பசிக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் கூப்பிடுவது.

சின்னவள் திரும்பினாள். வாசலில் வாண்டு. சிவப்பு மழைக்கோட்டு, தோளில் பை, கையில் ஒரு சாவி. அவள் முகத்தில் ஒரு நொடி இருந்த வெளிச்சம் மறுநொடி காணாமல்போனது.

"சித்தி... நீங்க போயிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"வாடா" என்று சின்னவள் கை நீட்டினாள். வாண்டு ஓடிவந்து கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சித்தியை அல்ல, கோட்டைத்தான் கட்டிக்கொண்டாள் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. அதனால் என்ன?

"சாவி ஏது உனக்கு?"

"ஆபீஸ்ல இருந்து கொல்லைக் கதவுச் சாவியை எடுத்துட்டுப் போய் அதே மாதிரி ஒண்ணு அடிச்சுட்டேன். அப்பாகிட்ட சொல்லாதீங்க சித்தி. ஸ்கூல் விட்டதும் இங்கே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு, இருட்டறதுக்குள்ள வந்துடுவேன். பின்பக்கச் சந்து வழியா."

சின்னவளுக்கு அப்பாடா என்றிருந்தது. பாவம், இந்தப் பிள்ளைதான்.

"எதிர்வீட்டு அம்மா உன்னைப் பார்த்துட்டுப் பயந்தே போயிட்டாங்க. மாடி ஜன்னல்ல நீ நிக்கறதைப் பார்த்து."

வாண்டு தலையை நிமிர்த்தினாள்.

"நான் மாடிக்குப் போனதே இல்லையே சித்தி."

"திரையை விலக்கிட்டு..."

"இங்கேதான் உட்காருவேன். இந்தத் தரையில. மேல போக எனக்குப் பயம்." அவள் கண்ணில் பொய் இல்லை. "அம்மா கீழே இறங்கி வந்தா இங்கேதானே முதல்ல வருவாங்கன்னு..."

"இந்தக் கோட்டை எப்பவாவது எடுத்துப் போட்டுக்கிட்டியா?"

"இல்ல. அது உறையிலதானே இருந்தது? நான் தொட்டா அப்பா தாங்கமாட்டார்."

ஆமாம், உறையில்தான் இருந்தது. பின்னும் சீட்டும் கலையாமல், மேலே தூசியோடு. சின்னவள் தன் கையாலேயே பிரித்தாள்.

அப்போது வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

வாண்டு சித்தியின் கையை இறுக்கினாள். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு சமையலறைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தார்கள்.

உள்ளே வந்தது அத்தான். அவரிடமும் தனியாக ஒரு சாவி இருந்திருக்கிறது.

சின்னவளுக்கு அவரை அடையாளம் தெரிய ஒரு கணம் ஆனது. தாடி இல்லை. தலைமுடி ஈரத்தோடு படிய வாரியிருந்தது. கருநீலக் கோட்டு, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை, முகம் தெரியும்படி பாலிஷ் போட்ட ஷூ. பெரிய இடத்து ஆட்களைப் பார்க்கப் போகும்போது அக்கா அவரை அப்படித்தான் உடுத்தவைப்பாள். அக்கா போன பிறகு அந்தக் கோட்டு வெளியே வந்து அவள் பார்த்ததில்லை.

அவர் விளக்கைப் போடவில்லை. இருட்டில் எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் போல நேராக மாடிப்படிக்குப் போனார். முதல் படியில் நின்று கோட்டின் முன்பக்கத்தை ஒரு தடவை இழுத்துச் சரிசெய்துகொண்டார். ஏறினார்.

மேலே அறைக் கதவு திறந்தது. திரை வளையங்கள் கம்பியில் ஓடுகிற சத்தம். ஒன்று. பிறகு இன்னொன்று.

பிறகு அவர் குரல். பகலெல்லாம் செத்துக்கிடக்கிற குரல் இல்லை அது.

"இன்னைக்கும் யாரும் வாங்கலை. கப்பல்காரருக்குப் போன்ல ஒரே கோவம். உன் தங்கச்சி உண்மையைச் சொல்லிட்டாளாம்."

நிறுத்தினார். பதிலுக்கு இடம் விட்டு நிறுத்துகிறவர்கள் எப்படி நிறுத்துவார்களோ அப்படி. பிறகு சிரித்தார்.

"ஆமா, உன்னை மாதிரியேதான். உன் கோட்டைப் போட்டுக்கிட்டு என் முன்னால வந்து நின்னா. நீதான்னு நினைச்சுட்டேன். நீ வீட்டுக்கு வந்துட்டேன்னு."

வாண்டுவின் கை சித்தியின் கையிலிருந்து நழுவியது. பிடிப்பதற்குள் அவள் சமையலறையைத் தாண்டிப் போய்விட்டாள். ஏறப் பயந்த அந்தப் படியின் அடியில் போய் நின்று, அண்ணாந்து, அழுகை உடைந்த குரலில் கூப்பிட்டாள்.

"அப்பா!"

மேலே பேச்சு சட்டென்று நின்றது.

 தெருவில் போன ஏதோ வண்டியின் வெளிச்சம் சுவரில் ஏறி இறங்கியது.

பிறகு அத்தானின் குரல் கேட்டது. தணிந்த குரல். கீழே நிற்கிற மகளுக்குச் சொன்னது அல்ல. பக்கத்தில் இருக்கிற ஒருத்தருக்குச் சொல்வது போல, மெதுவாக:

"நீ இங்கேயே இரு. யாருன்னு நான் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."